எதை விட்டுவைப்பது

கிளினிக் தராசு நூற்றியிருபதோடு நின்றுவிட்டது.
அதற்கு மேல் அதற்கு எண் தெரியாது.
நாவற்குடாவில், நெல்மூட்டை நிறுக்கிற மேடையில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
நூற்றி முப்பத்தொன்று, நானூறு கிராம்.
மில்லில் கணக்கு எழுதுகிற பொடியன் பழக்கதோஷத்தில்
சாக்குக்கென்று ஒரு கிலோவைக் கழித்தான்.
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
சிரித்தேன்.
கழித்ததைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வருகிற டொக்டர்
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்
இரண்டு இரைப்பை கீறினார்.
ஒன்றில் நெடுக்க ஒரு கோடு:
"இந்தப் பக்கம் மிஞ்சும், ஒரு வாழைப்பழம் அளவு.
மிச்சமெல்லாம் வெளியே."
மற்றதில், மேலே கோழிமுட்டை போல ஒரு பை,
அதிலிருந்து நேரே குடலுக்கு ஒரு வழி.
"பழசு உள்ளேயே கிடக்கும், சாப்பாடு அதுக்குள்ள போகாது.
உங்கட கல்லடிப் பாலம் மாதிரித்தான்.
புதுசு வந்தாப் பிறகு பழசு சும்மா."

சும்மா இல்லை டொக்டர்
என்று வாய்வரை வந்தது.
பின்னேரங்களில் அதில்தானே நடக்கிறேன்
நீங்கள் எழுதித் தந்த முப்பது நிமிடத்தை.
தூண்டில்காரர், சைக்கிள்கள்,
படம் எடுக்கிற புதுமணச் சோடிகள்.
நாலாவது இரும்புச் சட்டத்தடியில் மூச்சு முட்டி
கம்பியைப் பிடித்து நிற்பேன்.
வாவிக்குள் மீன் பாடுமாம்.
எனக்குக் கேட்டதெல்லாம் என் மூச்சுத்தான்.

மச்சாள் சுகிர்தா முதலாவதைச் செய்தவள்.
"என்னகா யோசினை, வெட்டி எறிஞ்சிட்டு வா" என்கிறாள்.
நாற்பது கிலோ போயிற்று அவளுக்கு.
புதிதாக ஒரு நெஞ்செரிவு வந்திருக்கிறது,
சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை.
இரண்டாவதென்றால் ஆயுளுக்கும் விற்றமின் குளிசை.
ஒரு கோப்பை தயிரும் பாணியும்
வியர்க்கவைத்து, படபடக்கவைத்து, பாயில் விழுத்துமாம்.
ஜீவரெத்தினம் எது மலிவு என்று கேட்டார்.
கேட்டதற்காக வெட்கப்பட்டு
ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தார், நார் எடுத்து.

நான் கேட்டது வேறு.
"வெட்டி எடுக்கிறதை என்ன செய்வீங்க?"
"சோதிக்க அனுப்புவம். பிறகு எரிக்கிறது."
பேனையைத் தட்டியபடி சொன்னார்:
"பசியைக் கூடுதலாச் சுரக்கிறதே அந்தப் பகுதிதான் அம்மா.
அது போனா பசியும் குறையும்."

தொண்ணூறாம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது.
பள்ளிக்கூடத்து முகாமில் ஆளுக்கு ஒரு அகப்பைக் கஞ்சி.
அம்மா தன் கோப்பையில் பாதியை எனக்கு ஊற்றிவிட்டு
"எனக்கு வயிறு சரியில்ல மனே" என்பாள்.
நம்பினேன்.
ஒவ்வொரு நாளும் நம்பினேன்.
அதற்குப் பிறகு எந்தக் கோப்பையிலும் நான் மிச்சம் வைத்ததில்லை,
பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் சேர்த்து.

அந்தப் பசி எனக்கு வேண்டாம்.
ஆனால் அது வாளியில் போவதை
என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த சனி, "ரெண்டாவது" என்றேன்.
காரணம் எழுத வேண்டும் என்றார்.
முன்பே இருக்கிற நெஞ்செரிவு என்றேன்.
மூன்று தலையணை என்றேன். சீனி வருத்தம் என்றேன்.
அத்தனையும் மெய்.
"நானும் அதைத்தான் சொல்ல இருந்தன்" என்று எழுதிக்கொண்டார்.
மற்றதற்கு அந்தப் படிவத்தில் கோடு இல்லை.

வீட்டுக்கு வருகையில் பஸ் புதுப்பாலத்தால் போனது.
யன்னலால் பார்த்தேன்.
பழையதில், நாலாவது சட்டத்தடியில்,
ஒரு பொம்பிளை கம்பியைப் பிடித்தபடி.
மூச்சு வாங்குகிறாளா
சும்மா நிற்கிறாளா
பார்த்து முடிக்குமுன் பாலம் முடிந்துவிட்டது.